ஆருஷி வழக்கு: கைதான அன்றே சொல்லப்பட்ட காரணம்

2008 மே 23. உத்தரப் பிரதேசக் காவல்துறையின் மீரட் மண்டல ஐஜி குர்தர்ஷன் சிங் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பேசினார். நொய்டாவில் 13 வயதுப் பள்ளி மாணவி ஆருஷி தல்வார் கொல்லப்பட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அவளுடைய தந்தை, பல் மருத்துவர் ராஜேஷ் தல்வார் அன்று கைது செய்யப்பட்டார். கைதான செய்தியைச் சொல்லிவிட்டு ஐஜி எழுந்திருக்கலாம். அவரோ, ஏன் கொன்றார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். தந்தைக்கு உடன் பணிபுரியும் ஒரு பெண் மருத்துவருடன் தொடர்பு இருந்தது. மகளுக்கு அது தெரியவந்து, வீட்டுப் பணியாளர் ஹேம்ராஜிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்கினாள். இரவு வீடு திரும்பிய தந்தை இருவரையும் 'ஆட்சேபத்துக்குரிய' நிலையில் கண்டார். ஆத்திரத்தில் இருவரையும் தீர்த்துக்கட்டினார். இதுதான் அவர் சொன்னது. பேச்சுக்கிடையே இறந்த சிறுமியின் பெயரையே மாற்றி 'ஸ்ருதி' என்றார்.

மறுநாள் மே 24. உயிரோடு இருந்திருந்தால் ஆருஷிக்கு அன்று 14 வயது நிறைந்திருக்கும்.

ஐஜி பேசிய நேரத்தில் போலீஸ் கையில் என்ன இருந்தது என்று பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. கொலை ஆயுதம் கிடைக்கவில்லை. பார்த்த சாட்சி இல்லை. ஹேம்ராஜ் அந்த இரவு ஆருஷியின் அறைக்குள் இருந்தார் என்று காட்டும் தடயவியல் அறிக்கை எதுவும் வந்திருக்கவில்லை. இருவரும் ஒரே இடத்தில் கொல்லப்பட்டார்களா என்பதுகூட உறுதியாகவில்லை. ஆனால் காரணம் மட்டும் தயாராக இருந்தது. அதற்குப் பிறகு இந்த வழக்கு எத்தனை கை மாறினாலும், எத்தனை அறிக்கைகள் வந்தாலும், மக்கள் மனதில் அந்த மே 23ஆம் தேதிக் காரணம் அசையவே இல்லை. இந்த வழக்கைக் கெடுத்தது எது என்று கேட்டால் தடயங்களைப் பாதுகாக்கத் தவறியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு இணையான சேதத்தை, ஆதாரத்துக்கு முன்னால் வந்து நின்ற அந்தக் காரணமும் செய்தது என்பது என் கணிப்பு.

இறந்துபோனவரே முதல் குற்றவாளி

மே 16 காலை, நொய்டா செக்டர் 25, ஜல்வாயு விஹார் குடியிருப்பு. தன் படுக்கையறையில் கழுத்து அறுபட்ட நிலையில் ஆருஷி கிடந்தாள். பெற்றோர் ராஜேஷ், நூபுர் இருவரும் பல் மருத்துவர்கள். வீட்டோடு தங்கி வேலை பார்த்த நேபாளத்துக்காரர் ஹேம்ராஜைக் காணவில்லை. அவ்வளவுதான், போலீசுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. வேலைக்காரர் கொன்றுவிட்டு ஓடிவிட்டார் என்றார்கள். துப்புக் கொடுப்பவருக்கு 20,000 ரூபாய் சன்மானம் அறிவித்தார்கள். அவரைத் தேடி நேபாளத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

அதே நேரத்தில் மொட்டைமாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. அதில் ரத்தக்கறை இருந்தது. சாவி இல்லை என்பதால் அன்று அதைத் திறக்கவில்லை. உறவினர், அக்கம்பக்கத்தார், நிருபர்கள், கேமராக்காரர்கள் என்று ஒரு கூட்டமே வீட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. மறுநாள் மே 17 அன்று, துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் அந்தக் கதவைக் கவனித்தார். பூட்டை உடைத்து மேலே போனால், ஹேம்ராஜின் உடல். கொலையாளி என்று ஊரெல்லாம் தேடப்பட்ட மனிதர் ஒன்றரை நாளாகத் தலைக்கு மேலேயே பிணமாகக் கிடந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட ஒரு தவறுக்குப் பிறகு எந்தப் போலீஸ் படையும் நிதானத்துக்கு வந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மானம் போய்விட்டது, தேசிய சேனல்கள் வாசலில் நிற்கின்றன, ஏதாவது சொல்லியாக வேண்டும். மே 17க்கும் 23க்கும் இடையே இருந்தது ஆறு நாள். அந்த ஆறு நாளில் ஹேம்ராஜ் கொலையாளி என்ற பழியிலிருந்து விடுபட்டு, 13 வயதுக் குழந்தையோடு சேர்த்துப் பேசப்படும் ஆளாக ஆக்கப்பட்டார். நாற்பத்தைந்து வயது, மனைவி, மகன், ஊரில் குடும்பம், மாதச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பும் ஒரு மனிதர். முதலில் கொலைகாரர் என்றார்கள். பிறகு அதைவிட மோசமாகச் சொன்னார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. மறுத்துப் பேச அவர் உயிரோடும் இல்லை. இந்த வழக்கைப் பற்றி ஆயிரக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ஹேம்ராஜின் மானத்தைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

ஏன் அந்தக் கதை ஒட்டிக்கொண்டது

அப்போது மத்திய அரசில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சராக இருந்த ரேணுகா சௌத்ரி ஐஜியின் பேச்சை வெளிப்படையாகக் கண்டித்தார். இறந்துபோன குழந்தையின் நடத்தையைப் பற்றிப் பேச போலீசுக்கு என்ன உரிமை என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. ஐஜி இடமாற்றம் செய்யப்பட்டார். ஆனால் பேசியது பேசியதுதான், திருப்பி வாங்க முடியவில்லை.

ஒரு கொலை என்றால் 'ஏன்?' என்று கேட்பது மனித இயல்பு. அதில் தவறில்லை. காரணம் தெரியாத கொலை நம்மை அச்சுறுத்துகிறது. காரணம் தெரிந்துவிட்டால் 'நம் வீட்டில் அப்படி இல்லை' என்று தள்ளி வைத்துவிடலாம். அந்தத் தேவையை ஐஜியின் கதை நன்றாகப் பூர்த்தி செய்தது. வேலைக்குப் போகும் தாய், வசதியான நகரத்துக் குடும்பம், கையில் செல்போன் வைத்திருக்கும் பெண், வீட்டுக்குள்ளேயே தங்கும் ஆண் பணியாளர்: இவர்களைப் பற்றி ஏற்கெனவே மனதில் வைத்திருந்த சந்தேகங்கள் எல்லாவற்றுக்கும் அந்தக் கதையில் இடம் இருந்தது. அதை நம்ப ஆதாரம் தேவைப்படவில்லை, பழைய முன்முடிவுகளே போதுமானதாக இருந்தன.

பிறகு அந்தக் கதைக்குத் தீனி தேடும் வேலை தொடங்கியது. அந்தச் சிறுமி நண்பர்களுக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள், இணையத்தில் எழுதிய வரிகள், அப்பாவுக்கு எழுதிய மின்னஞ்சல் எல்லாம் திரையில் வந்தன. எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் சாதாரண வரிகள்தான். முன்முடிவோடு படித்தால் எதற்கும் ஓர் உள்ளர்த்தம் கிடைக்கும். கணவர் கைதான சில நாட்களில் நூபுர் தல்வார் என்டிடிவிக்குப் பேட்டி கொடுத்தார். கணவர் குற்றமற்றவர் என்று சொல்வதற்காகக் கேமரா முன் உட்கார்ந்தவரைப் பற்றி நாடு கேட்டது ஒரே கேள்விதான்: 'ஏன் அழவில்லை?' அழுதிருந்தால் நடிப்பு என்றிருப்பார்கள். ஒரு தாய் துக்கத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்குப் பார்வையாளர்கள் ஒரு அளவுகோல் வைத்திருந்தார்கள். அந்த அளவுக்குப் பொருந்தாததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இன்னொரு பக்கத்து ஊகம்

தல்வார்களின் பக்கம் நின்றவர்களும் இதே தவறைச் செய்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு நேர்மையாக இருக்காது.

2008 ஜூன் 1 அன்று வழக்கு சிபிஐக்குப் போனது. முதல் சிபிஐ குழு ராஜேஷை விட்டுவிட்டு வேறு திசையில் போனது. தல்வார்களின் கிளினிக்கில் வேலை பார்த்த கம்பவுண்டர் ஒருவரும், தெரிந்தவர்கள், அண்டை வீட்டார் வீடுகளில் வேலை பார்த்த இருவரும் கைதானார்கள். அவர்களுக்கும் உடனே காரணம் கிடைத்தது. பல் அச்சு எடுப்பதில் செய்த தவறுக்காகக் கம்பவுண்டரை மருத்துவர் திட்டினாராம், அந்த வன்மமாம். இரவில் ஹேம்ராஜின் அறையில் கூடிக் குடித்தார்களாம், போதையில் சிறுமியின் அறைக்குப் போனார்களாம். நார்கோ சோதனையில் மருந்து ஏற்றப்பட்ட நிலையில் அவர்கள் உளறியவை பதிவாகி, அந்தப் பதிவுகள் தொலைக்காட்சிக்கு வந்தன. ஜூலை 11 அன்று சிபிஐ பத்திரிகையாளர்களைச் சந்தித்து, ராஜேஷுக்கு எதிராக ஆதாரமில்லை என்றது. சுமார் 50 நாள் சிறைவாசத்துக்குப் பிறகு அவர் ஜாமீனில் வந்தார்.

உரிய காலத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாததால் அந்த மூன்று பணியாளர்களும் செப்டம்பரில் வெளியே வந்தார்கள். அவர்கள் மீது எந்த நீதிமன்றத்திலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் 'குடித்துவிட்டு வேலைக்காரர்கள்தான் செய்திருப்பார்கள்' என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. அவர்கள் பெயர்களை இங்கே எழுதாமல் விடுகிறேன். அவர்களுக்காக வாதாடப் பெரிய வழக்கறிஞர்களோ, பேட்டி எடுக்கத் தேசிய சேனல்களோ இருக்கவில்லை.

சம்மதமில்லாமல் நார்கோ சோதனை செய்வது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2010 மே 5 அன்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் இந்த மூவரின் பதிவுகளை நாடே பார்த்து முடித்திருந்தது.

'தெளிவான நோக்கம் இல்லை'

2009இல் விசாரணை இரண்டாவது சிபிஐ குழுவின் கைக்குப் போனது. பார்வை மறுபடி பெற்றோர் பக்கம் திரும்பியது. ஆனால் 2010 டிசம்பர் 29 அன்று அந்தக் குழு தாக்கல் செய்தது வழக்கை முடித்துவைக்கும் அறிக்கையை. ராஜேஷ் மீதுதான் சந்தேகம், ஆனால் வழக்கு நடத்தப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. ஆதாரச் சங்கிலியில் உள்ள ஓட்டைகளையும் வரிசைப்படுத்தியது. அவற்றில் ஒன்று: கொலைக்கான தெளிவான நோக்கம் புலப்படவில்லை.

இந்த வரி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கைதான அன்றே நாட்டுக்கு அறிவிக்கப்பட்டு, இரண்டரை ஆண்டுகளாக எல்லோருக்கும் 'தெரிந்திருந்த' காரணத்தை, நாட்டின் உச்ச விசாரணை அமைப்பு கோப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'தெளிவாக இல்லை' என்று எழுதியது. நியாயமாக அது தலைப்புச் செய்தி ஆகியிருக்க வேண்டும். செய்திகளில் 'ராஜேஷ் மீது சந்தேகம்' என்ற பகுதிதான் பெரிதாக வந்தது.

பெற்றோரே அந்த அறிக்கையை எதிர்த்தார்கள். வழக்கை மூடக் கூடாது, கொன்றவரைக் கண்டுபிடியுங்கள் என்று கேட்டு காஸியாபாத் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரி 25 அன்று நீதிமன்ற வளாகத்தில் ஒரு இளைஞர் வெட்டுக்கத்தியால் ராஜேஷின் முகத்திலும் கையிலும் வெட்டினார். அவருக்கும் தல்வார் குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நீதி கிடைக்கவில்லை என்ற கோபத்தில் அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு வழக்கில் ஒரு முன்னாள் டிஜிபியைத் தாக்கியவர் அவர். ராஜேஷ் குற்றவாளி என்று அந்த இளைஞருக்கு எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில், பிப்ரவரி 9 அன்று, மாஜிஸ்திரேட் அந்த அறிக்கையை நிராகரித்து அதையே குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொண்டார். தந்தையும் தாயும் குற்றவாளிக் கூண்டுக்கு வந்தார்கள். ஆதாரம் போதவில்லை என்று எழுதிய அதே சிபிஐ, அதே ஆதாரங்களை வைத்துத் தண்டனை கேட்டு வாதாட வேண்டியதாயிற்று.

காரணத்துக்கு ஏற்ற இடம்

இனி வருவதுதான் இந்த வழக்கின் மையம்.

ஐஜி சொன்ன காரணம் உண்மையாக வேண்டுமென்றால் ஒரு விஷயம் கட்டாயம் நடந்திருக்க வேண்டும்: ஹேம்ராஜ் அந்த இரவு ஆருஷியின் அறையில் தாக்கப்பட்டிருக்க வேண்டும். அங்கே தாக்கப்பட்டவரை மொட்டைமாடிக்கு இழுத்துப் போயிருக்க வேண்டும். இது இல்லையென்றால் 'இருவரையும் ஒன்றாகப் பார்த்த ஆத்திரம்' என்ற கதையே நிற்காது. ஆகவே விசாரணையின் முழுப் பாரமும் அந்த அறை மீது விழுந்தது. ஹேம்ராஜின் ரத்தம் அந்த அறையில் இருந்ததா?

ஹேம்ராஜின் டிஎன்ஏ இருந்த ஒரு தலையணை ஆருஷியின் அறையிலிருந்து எடுக்கப்பட்டது என்று வழக்கின் ஒரு கட்டத்தில் சிபிஐ வாதிட்டது. விசாரணையில் அந்தப் பொருளின் உறை திறக்கப்பட்டு அட்டை படிக்கப்பட்டபோது, அது ஹேம்ராஜின் சொந்த அறையிலிருந்து எடுக்கப்பட்டது என்று இருந்தது. ஒருவருடைய தலையணையில் அவருடைய டிஎன்ஏ இருந்ததில் என்ன அதிசயம்? ஆனால் அது 'ஆருஷியின் அறையில்' என்று மாறியபோது பெற்றோருக்கு எதிரான பெரிய சான்றாகிவிட்டது. இது தற்செயலா, திட்டமிட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. காரணத்தை முதலில் நம்பிவிட்டவர்களுக்கு அந்தத் தலையணை எந்த அறையில் இருந்தால் வசதியோ, அந்த அறையில் இருந்ததாகவே தோன்றியது என்று மட்டும் சொல்லலாம்.

இதற்கு எதிர்த்திசையில் ஒன்றும் நடந்தது. கம்பவுண்டரின் அறையில் கிடைத்த தலையணை உறையில் ஹேம்ராஜின் டிஎன்ஏ இருந்ததாக ஹைதராபாத்தின் சிடிஎஃப்டி ஆய்வகம் 2008இல் அறிக்கை கொடுத்திருந்தது. 2011இல் அது விவரக் குறிப்பில் நேர்ந்த எழுத்துப் பிழை என்று விளக்கம் பெறப்பட்டது. பிரேதப் பரிசோதனை விஷயத்திலும் இதே கதை. முதல் அறிக்கையில் இல்லாத தகவல்கள், நாட்கள் கடந்து பதிவான வாக்குமூலங்களில் புதிதாக முளைத்தன. புதிதாக வந்தவை எல்லாம் மே 23ஆம் தேதிக் கதைக்கு இசைவாகவே இருந்தன.

2013 நவம்பர் 25 அன்று சிறப்பு நீதிபதி ஷியாம் லால் இருவரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தார். மறுநாள் ஆயுள் தண்டனை. 200 பக்கங்களுக்கு மேல் நீண்ட அந்தத் தீர்ப்பில், மகளையும் பணியாளரையும் ஒன்றாகக் கண்ட தந்தைக்கு எழுந்த திடீர்க் கோபம் என்ற விளக்கமே நோக்கமாக நின்றது. ஐந்தரை ஆண்டுகளுக்கு முன் மைக்குகளுக்கு முன்னால் சொல்லப்பட்டது இப்போது நீதிமன்றத்தின் முத்திரையோடு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது

கொலைக் குற்றத்தை நிரூபிக்க, ஏன் கொன்றார் என்று நிரூபிப்பது கட்டாயமில்லை. நேரடி சாட்சி இருந்தால் காரணம் தெரியாவிட்டாலும் தண்டிக்கலாம். சாட்சியச் சட்டத்தின் 8ஆம் பிரிவு (2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 6ஆம் பிரிவு) நோக்கத்தைத் தொடர்புள்ள ஒரு பொருண்மையாக மட்டுமே வைக்கிறது. ஆனால் சூழ்நிலைச் சான்றுகளை மட்டுமே நம்பி நடக்கும் வழக்கில் நோக்கத்துக்கு எடை கூடுகிறது. அது நிரூபணமாகாவிட்டால் அந்தக் குறை குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகப் போகிறது. அப்படிப்பட்ட வழக்கில் ஒவ்வொரு சான்றும் தனியாக நிரூபிக்கப்பட்டு, எல்லாம் சேர்ந்து வேறு எந்த முடிவுக்கும் இடமில்லாத சங்கிலியாக வேண்டும் என்று 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது.

நொய்டா வழக்கில் வரிசை தலைகீழானது. சங்கிலியின் கடைசியில் வர வேண்டிய நோக்கம் முதல் கண்ணியாகிவிட்டது. பூட்டிய வீட்டுக்குள் நான்கு பேர், இருவர் செத்தார்கள், மீதி இருவர்தான் விளக்க வேண்டும் என்ற வாதமும் சேர்ந்துகொண்டது. பழைய சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு (புதிய சட்டத்தில் 109ஆம் பிரிவு) அப்படி விளக்கம் கேட்க வழி செய்கிறது, உண்மைதான். ஆனால் அரசுத் தரப்பு தன் அடிப்படைக் கடமையை முடித்த பிறகுதான் அந்தப் பாரம் மறுபக்கம் போகும்.

2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் பி.கே.நாராயணா, ஏ.கே.மிஸ்ரா அமர்வு இருவரையும் விடுவித்தது. ஹேம்ராஜ் ஆருஷியின் அறையில் கொல்லப்பட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று கண்டது. அறை இல்லையென்றால் காரணமும் இல்லை. விசாரணை நீதிபதி சில விடைகளை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார், சிதறிக் கிடக்கும் சம்பவங்களை ஒரு திரைப்பட இயக்குநரைப் போலக் கோவையாக்க முயன்றிருக்கிறார் என்று கடுமையாகவே எழுதப்பட்டது. தீர்ப்பைச் சரியாகப் படிக்க வேண்டும்: கொன்றவர் இன்னார் என்று அது சொல்லவில்லை. இவர்கள்தான் என்று சொல்ல ஆதாரச் சங்கிலி போதவில்லை, சந்தேகத்தின் பலன் இவர்களுக்குச் சேரும் என்றது. நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகத் தஸ்னா சிறையில் இருந்த இருவரும் அக்டோபர் 16 அன்று வெளியே வந்தார்கள்.

போலீஸ் பத்திரிகையாளர்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2010 ஏப்ரலில் மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்பியது. தீர்ப்புச் சொல்வது போன்ற கருத்துகள் கூடாது என்பது அதில் ஒன்று. அறிவுரைக்கு இருந்த பலம் அவ்வளவுதான். அதற்குப் பிறகும் கைதானவரை முகமூடியோடு நிறுத்தி 'காதல் தகராறு', 'கள்ளத்தொடர்பு', 'பணத்தாசை' என்று ஒரே வரியில் காரணம் சொல்லும் சந்திப்புகள் நிற்கவில்லை. 2023 செப்டம்பர் 13 அன்று, காவல்துறையின் ஊடகச் சந்திப்புகளுக்கு விரிவான கையேடு ஒன்றை மூன்று மாதத்தில் தயாரிக்கும்படி உள்துறை அமைச்சகத்துக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அரைகுறைத் தகவல்கள் பொதுமக்களிடம் குற்றம் சாட்டப்பட்டவர் மீது முன்கூட்டியே சந்தேகத்தை உண்டாக்குகின்றன என்ற கவலை அந்த உத்தரவில் இருந்தது. விசாரிக்கும் அதிகாரி நோக்கத்தைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். அதில்லாமல் துப்பு துலக்க முடியாது. அந்த யோசனைக்கான இடம் வழக்கு நாட்குறிப்பு. வெளியே சொல்ல வேண்டியது யார் கைதானார், எந்தப் பிரிவில், எந்த நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்படுகிறார் என்பது மட்டுமே. கையேட்டில் வேறு எது இல்லாவிட்டாலும், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை நோக்கத்தைப் பற்றி எந்த அதிகாரியும் வாய் திறக்கக் கூடாது என்ற ஒரு வரி, மீறினால் துறை நடவடிக்கை என்ற விதியோடு இருந்தாக வேண்டும்.

விடுதலையை எதிர்த்து முதலில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் ஹேம்ராஜின் மனைவி. பிறகு சிபிஐயும் போனது. 2018இல் மேல்முறையீடு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. தன் கணவரைக் கொன்றது யார் என்ற அவருடைய கேள்விக்கு எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பிலும் இன்னும் நிலைக்கத்தக்க பதில் வரவில்லை.